மணியம் அண்ணனிடம் கொடுத்த சாவிகள்

யாழினிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் செய்தி வந்தது. "பஸ் மணியம் அண்ணன் விடியக்காலைல ஆஸ்பத்திரியில தவறிட்டார்." கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக விழத் தொடங்கின. அவற்றுக்கு நடுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?" சற்று நேரத்தில் அந்தக் கேள்வியை அவரே அழித்துவிட்டார். அதற்குள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. மணியம் அண்ணனின் மனைவி பாக்கியம் அக்காவும் பார்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்வியே காரணம். ஆகவே பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மறுபடி குடிக்க ஆரம்பிக்கவில்லை. மணியம் அண்ணன் ஈரல் கெட்டு இறந்தார். அந்த ஈரல் கெட்டது அவர் தோட்ட வேலையில் இருந்த காலத்தில். நம்மில் பலர் இந்தத் தாமானுக்குக் குடிவருவதற்கு முன்பு. அவர் குடியை விட்ட பிறகும் ஈரல் பழைய கணக்கை விடவில்லை. மருத்துவர் சொன்னதும் இதுதான்.

நான் பிளாட்டில் இருக்கும் தீபா. குமாரின் மனைவி என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளை தூங்கிய பிறகு எழுதுவதால் அங்கங்கே கோவையாக இல்லாமல் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஜோகூரில் மாசாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை அவர் ஓட்டினார். சம்பளம் வந்த வேலை அது. யாரும் கொடுக்காமல் அவரே எடுத்துக்கொண்ட வேலை ஒன்றும் இருந்தது. கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, ஆண்கள் குடிக்கக் கூடும் இடம் எது என்று பார்த்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மடியில் சதுரமான பழைய பிஸ்கட் டின். காலடியில் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், நிரப்பிய பிளாஸ்க். குடிக்கப் போகிறவர்கள் காடிச் சாவியையோ, அதாவது கார்ச் சாவியையோ, மோட்டார்சைக்கிள் சாவியையோ அந்த டின்னில் போட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு நடந்து வந்து, ஒரு குவளை தே ஓ குடித்துவிட்டு, வாங்கிக்கொண்டு போகலாம். மனைவி வந்து கேட்டால் தரமாட்டார். மகன் வந்தாலும் தரமாட்டார். போட்டவர்தான் வர வேண்டும்.

சாவி கேட்கும்போது அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்வார். என் கணவரிடம் "யாழினி அப்பா, சாவி" என்பார். கல்யாணமாகாத பையன் என்றால் அம்மாவின் பெயர். "சரோஜா மகனே, சாவி." அவ்வளவுதான். கெஞ்ச மாட்டார், அதட்ட மாட்டார். கையை நீட்டியபடி இருப்பார். நீட்டிய கை வலிக்காதா என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கடைசியில் சாவி விழும்.

ஒருமுறை ஒரு சமயச் சொற்பொழிவாளர் அவரை மேடைக்கு அழைத்து, மதுவுக்கு எதிராக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அண்ணன் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார். "குடிக்காதன்னு சொல்றதுக்கு நான் யாரு? நான் குடிச்ச குடிய என் பொண்டாட்டி பாத்திருக்கு. வெளிய காடி நிறுத்துற எடத்துல இருக்கேன். வர்றவங்க வாங்க." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நம் தாமானில் குடிக்காத வீடு எது என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் ஜோகூர் பாருவில் கல்லூரிக்குப் போனவள். அங்கே மதுவைப் பற்றிப் பாடம் நடத்தியபோது கிராமம், வறுமை, அறியாமை என்றெல்லாம் சொன்னார்கள். எங்கள் தாமானில் குடிப்பவர்களில் பட்டதாரிகளும் உண்டு, சிங்கப்பூரில் நல்ல வேலை பார்ப்பவர்களும் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்குள் ஆண்கள் குறைவாகவே இருப்பார்கள். மீதிப் பேர் பின்பக்கம், திறந்து வைத்த காடிப் பின்பெட்டிகளைச் சுற்றி நிற்பார்கள். மின்சுடலையிலிருந்து திரும்பியதும் குளிப்பதற்கு முன்பே ஒரு புட்டி திறக்கும். மளிகைக் கடையில் சமையல் எண்ணெய்க்கு அடுத்த தட்டில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குட்டிக் குட்டிப் புட்டிகளில் இருக்கும். யாரும் இதை மறைத்துச் செய்வதில்லை. அதனால் இது ஒரு பிரச்சினை என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. மறுநாள் யாராவது ஒருவர் மருத்துவமனையில் இருந்தால், "ரோடு சரியில்ல" என்போம்.

அண்ணன் ஏன் சாவியைப் பிடித்துக்கொண்டார் என்பதை பாக்கியம் அக்காதான் சொன்னார். கீரை ஆய்ந்துகொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னார். பெக்கோக் பக்கம் தோட்டத்தில் ஒரு சாவு. எடுத்து முடித்துவிட்டு எல்லாரும் குடித்தார்கள். திரும்பும்போது காடியை ஓட்டியவர் அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அக்காவின் தம்பி செல்வம். வளைவில் காடி மரத்தில் மோதியது. அண்ணனுக்கு நெற்றியில் தையல். செல்வம் போய்விட்டான்.

"என் தம்பிய நீதான் கொன்னன்னு நான் ஒரு நாளும் சொல்லல தீபா. சொல்லியிருந்தா சண்ட போட்டு முடிஞ்சிருக்கும்" என்றார் அக்கா. "அவர் அதுக்கப்பறம் ஒரே ஒரு விஷயந்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. 'அன்னிக்கு அங்க அவ்ளோ பேர் இருந்தாங்க பாக்கியம். எல்லாரும் எனக்கு ஊத்துனாங்க. ஒருத்தன்கூட என் சாவியக் கேக்கல.'"

குடியை விடுவதற்கு அவருக்கு நெடுநாள் ஆனது. சாவி கேட்பதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டாராம். முதலில் தன் சாவியை டின்னில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுடையதை வாங்கினாராம்.

அவரிடம் ஏமாற்று வேலையும் நடந்திருக்கிறது. நடத்தியவர் என் கணவர். சொல்லட்டுமா என்று கேட்டேன்; "ஊருக்கே தெரியும், எழுதிக்கோ லா" என்றார். ஒரு திருமணத்தில் அண்ணன் "யாழினி அப்பா, சாவி" என்றதும், இவர் பாக்கெட்டிலிருந்த வீட்டுச் சாவியை டின்னில் போட்டுவிட்டார். மோட்டார் சாவி பத்திரமாக இன்னொரு பாக்கெட்டில். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. விருந்து முடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நானும் பிள்ளையும் அம்மா வீட்டில் இருந்தோம். பிளாட் படியேறி வந்து நின்ற பிறகுதான் கதவைத் திறக்கச் சாவி இல்லை என்பது புரிந்திருக்கிறது. போன் செய்தால் நான் திட்டுவேன். கதவோரம் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்.

காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் தே ஓ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"என்ன குமார், மோட்டார்லயே வந்துட்ட? நம்ம கூட நடக்க மாட்டியா?" என்று ஒருவர் கேட்டார்.

அண்ணன் டின்னைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நல்லாத் தூங்குனியா?"

"தூங்குனேண்ணே."

"கொசு?"

"இருந்துச்சு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் சாவி போட்டாலும், எழுந்து போய் அந்த மோட்டாரிலோ காடியிலோ போட்டுத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் டின்னை மூடுவார். முடங்கிப்போன முழங்காலுடன் வண்டி வண்டியாக அவர் நடந்ததற்கு என் கணவர்தான் பொறுப்பு. ஊரில் பலருக்கு அதற்காக இவர்மேல் இன்னமும் கோபம் உண்டு.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது. என் கணவர் தினமும் மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். விடிவதற்கு முன் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் பாதை அது. மழை, லாரி, தூக்கம். இதற்கு மேல் குடியும் சேர்ந்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுவதே என் வேலையாக இருந்தது. அவர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் அருகில் போய், பையை வாங்குவதுபோல் வாங்கி, மூச்சை மோந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பையை நீட்டுவார். பிறகு மிட்டாய் சப்பிக்கொண்டு வர ஆரம்பித்தார். பிறகு நேராகக் குளியலறைக்குப் போக ஆரம்பித்தார். மிட்டாய் வாசனை வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். யாழினி மிட்டாய் சாப்பிட்டாலும் அருகில் போய் மோந்து பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியம் அண்ணனிடம் போனேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். குடித்திருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். எனக்குக் கிடைக்க வேண்டியது ஓர் உபாயம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

பஸ்ஸுக்கு அடியிலிருந்தே பேசினார். "மோந்து பாக்குறியா?"

"ஆமாண்ணே."

"அக்காவும் பாக்கும். நான் வெங்காயம் தின்னுட்டு வருவேன். பச்ச வெங்காயம், முழுசா. கண்ணுல தண்ணி ஊத்தும், ஆனா தின்பேன்." ஏதோ ஒன்றை முடுக்கிவிட்டுத் தொடர்ந்தார். "மோந்து பாக்காதம்மா. நீ மோந்தா அவன் மறைப்பான். மறைக்கிறதுல கெட்டிக்காரனாயிடுவான். நான் ஆனேன்ல. கைய நீட்டு, சாவியக் கேளு. சாவி கைக்கு வந்துச்சுனா அன்னிக்கு அவன் வீட்டுக்கு வந்துட்டான். மத்தத நாளைக்குப் பாக்கலாம்."

அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. குடிகாரனுக்குக் குடிகாரன் பரிந்து பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவரால் எல்லாம் முடிந்தது என்று எழுதினால் அது பொய். பிளாட்டில் எங்களுக்கு மேல்தளத்தில் இருந்த சரோஜா அக்காவின் மகன் முதலில் கெத்தும் என்ற போதை இலைத் தண்ணியில் தொடங்கினான். பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பார்கள், இரவு வேலைக்குத் தூக்கம் வராது என்று பையன்கள் வாங்குவார்கள். அதிலிருந்து ஐஸ் என்ற போதைப்பொருளுக்குப் போனான். ஆள் மெலிந்து, இரவும் பகலும் உறங்காமல், சுவரில் யாரோ பேசுகிறார்கள் என்று சுவரைச் சுரண்டிக்கொண்டு இருந்தான். சரோஜா அக்கா ஓடி வந்தது மணியம் அண்ணனிடம்.

"நீதான் சொல்லணும் மணியம். நீ சொன்னா எல்லாப் பையனும் கேக்குறான்."

"சரோஜா, எனக்குத் தண்ணியத்தான் தெரியும். இது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாரி பேசுனா உன் மகன நான் கெடுத்துருவேன்" என்றார் அண்ணன். பிறகு அவரே பஸ்ஸை எடுத்தார். ஆள் ஏற்றும் பஸ்ஸில் அம்மாவும் மகனும் மட்டும் உட்கார, அரசாங்க கிளினிக்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். மகன் கடைசி இருக்கையில் படுத்துக்கொண்டான். அவன் இப்போது ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறான். திரும்பி வந்தான், மறுபடியும் போனான், இப்போது இருக்கிறான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. "அதுக்கு எங்கிட்ட டின் இல்ல" என்று அண்ணன் சொல்வார்.

என் கணவர் எப்போது நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பது எனக்கு உண்மையாகவே தெரியாது. கேட்டால் கோபம் வரும், அதனால் கேட்பதில்லை. தெரிந்தது இவ்வளவே. பாலத்தில் இவருக்கு முன்னால் போன ஒரு பையன் விழுந்து, பின்னால் வந்தவர்கள் நிறுத்த முடியாமல் போனதை இவர் பார்த்தார். அது நடந்து சில மாதங்கள் கழித்து ஒரு நிச்சயதார்த்தம். பின்பக்கம் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒருவர் கிளாஸை நீட்டினார். இவர் வேண்டாம் என்றதும் வழக்கமான கேலி தொடங்கிவிட்டது. "அலமாக், பொண்டாட்டி போன் பண்ணிட்டாளா?" "மாத்திர சாப்பிடுறியா?" "சாமி மாலையா?" அந்தப் பக்கமாக டின்னோடு வந்த மணியம் அண்ணன் இவர் காதருகே குனிந்து, "வேணாம்னு சொல்லாத. ஏன்னு கேப்பானுங்க. ஓட்டணும்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு பயலுக்கும் கேள்வி கெடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்று எல்லாரிடமும் சாவி கேட்டவர், இவரிடம் மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவர் முதலில் சொன்னது அதுதான். "எங்கிட்ட கேக்கவே இல்ல, தீபா." பரிசு வாங்கியதுபோலவும் இருந்தது முகம், ஏதோ தொலைந்ததுபோலவும் இருந்தது.

பிறகு அண்ணனுக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. கண் மஞ்சளானது. அந்த வயிற்றைப் பார்த்ததும் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. நம் ஆட்களுக்கு இந்த வயிறு பழக்கமானது. எத்தனையோ பேரை இந்த வயிற்றோடு தூக்கியிருக்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினால், பின்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அண்ணனுக்கு அது தெரியும். மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது, பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் கடைய மூடி ரொம்ப வருஷமாச்சு. ஈரலுக்குத் தகவல் போகல." சொல்லிவிட்டு அண்ணனே சிரித்தார், வயிறு வலித்து நிறுத்திக்கொண்டார். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அதைத் துக்கம் என்று அப்போது நினைத்தேன். அவர் பயந்தது வேறொன்றுக்கு. மனிதர் போகப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். போன பிறகு ஊர் அவரை என்னவென்று சொல்லும் என்பதுதான் பயம்.

அந்தப் பயம் பதினாறாம் நாள் வீட்டு வாசலுக்கே வந்தது.

கருமக்கிரியை காலையில் முடிந்தது. மதியத்துக்கு மேல் படையல். உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்தின் முன்னால் வைப்போம். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, குடித்தவருக்குப் புட்டி. படைத்ததை வீணாக்கக் கூடாது; ஆண்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துத் தீர்க்க வேண்டும். மறுப்பது இறந்தவரை மறுப்பதாகும். அக்கா கோழிக் குழம்பும் நெத்திலிச் சம்பலும் வைத்திருந்தார். ஒரு குவளை தே ஓ வைத்திருந்தார். அப்போது அண்ணனின் மூத்த சகோதரர், பண்டார் தெங்காராவிலிருந்து வந்திருந்த முத்தையா பெரியவர், காடியிலிருந்து இரண்டு புட்டி கறுப்பு பீரை எடுத்துக்கொண்டு வந்தார்.

அக்கா எழுந்து வழியில் நின்றார். "மாமா, அவர் விட்டுட்டாரு. உங்களுக்கே தெரியும்."

"உயிரோட இருந்தப்ப அது அவன் இஷ்டம். இன்னிக்கு அவன் நாக்கு கேக்குறத வைக்கணும். வைக்கலனா ஏங்கிட்டே சுத்துவான்."

"இத இங்க வச்சா ஊரு என்ன சொல்லும்? ஏற்கெனவே சொல்லிட்டு இருக்காங்க."

"ஊருக்கா படைக்கிறோம், புள்ள?" அவர் குரல் அதற்குள் உடைந்துவிட்டது. "விட்டதுல இருந்து அவன் என் வீட்டுக்கு வர்றதே இல்ல. வந்தா வாசல்ல நிப்பான், போயிருவான். அவன் என்கூட ஒக்காந்து கடைசியா சாப்பிட்டது இதுதான். வேற என்னத்த நான் வைப்பேன்?"

கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். புலனத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவரும் இருந்தார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா ஒதுங்கி வழிவிட்டார். மணியம் அண்ணனின் படத்துக்கு முன்னால், தே ஓவுக்குப் பக்கத்தில், இரண்டு கறுப்புப் புட்டிகள் போய் உட்கார்ந்தன. அந்தக் கேள்விக்கு யாரோ பதில் எழுதிவிட்டதுபோல் இருந்தது.

சூடம் காட்டினார்கள். கும்பிட்டு எழுந்ததும் பெரியவர் புட்டியைத் திறந்து கிளாஸில் ஊற்றினார். முதல் கிளாஸை என் கணவரிடம் நீட்டினார். பாடையைத் தூக்கியவர்களில் இவர் ஒருவர். "இந்தா தம்பி, அண்ணன் பேரச் சொல்லி ஒரு வாய்."

இவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க முடியாது.

நான் அடுப்பங்கரை வாசலில் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கிளாஸ் எவ்வளவு நேரம் அவர் கையில் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நுரை மெல்லக் கீழே இறங்குவது தெரிந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் 'பொண்டாட்டி கூப்பிட்டா' என்றாகும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் அக்கா என்னைத் தாண்டி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த பிஸ்கட் டின் இருந்தது. அவிழ்ந்த தலையோடு, நேராக என் கணவருக்கு முன்னால் போய் நின்று டின்னை நீட்டினார்.

"யாழினி அப்பா, சாவி."

கூடத்தில் ஒருவர் இருமினார்.

இவர் கிளாஸைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். "ஓட்டணும் அக்கா" என்றார்.

"எங்க ஓட்டணும்? பிளாட் இந்தா இருக்கு" என்றார் பெரியவர். குரலில் கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நாளைக்கு ஓட்டணும் பெரியவரே. விடியக்காலைல பாலம் தாண்டணும்." இவர் குனிந்து, கிளாஸை ஒரு சொட்டும் சிந்தாமல் படத்தின் முன்னாலேயே திரும்ப வைத்தார். பக்கத்திலிருந்த தே ஓவை எடுத்து ஒரு வாய் குடித்தார். அதுவும் படைத்ததுதானே. யாரும் குறை சொல்ல முடியவில்லை.

அக்கா டின்னை அடுத்த ஆளிடம் நீட்டினார். அவரும் ஓட்டணும் என்றார். அதற்கடுத்தவரும். அந்தக் கேள்வியைக் கேட்டவர் தானாகவே தே ஓவுக்குக் கையை நீட்டினார். டின் கடைசியில் பெரியவரிடம் வந்தது.

"மாமா, குடிக்கிறதா இருந்தா சாவியப் போடுங்க. உங்க தம்பி வீட்டுச் சட்டம். காலைல தே ஓ குடிச்சிட்டு வாங்கிக்கலாம்."

பெரியவர் டின்னைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். டின்னில் அது விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு படத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு கிளாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். மற்றப் புட்டியைத் திறக்கவில்லை. பாக்கியம் அக்காவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டின் அக்காவின் மடியில் இருந்தது.

அன்று பெரியவர் தம்பி வீட்டிலேயே தங்கினார். அந்த வீட்டில் அவர் தங்கியது அதுவே முதல் தடவை என்று அக்கா சொன்னார். காலையில் தே ஓ குடித்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, அக்காவிடம் அவர் சொன்னதையும் இங்கே பதிகிறேன்: "நான் பாத்துட்டுத்தான் போறேன் புள்ள. என் தம்பி சுத்தமாத்தான் போயிருக்கான். நான் சொல்லிக்கிறேன்." தெங்காராவில் அவர் சொல்லிக்கொள்வார். இங்கே நான் சொல்லிவிட்டேன்.

டின் இப்போது பாக்கியம் அக்காவிடம் இருக்கிறது. அடுத்த கல்யாணத்தில் காடி நிறுத்தும் இடத்தில் யார் நாற்காலி போட்டு உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது சிறிய விஷயம். மாலையில் மோட்டார் சத்தம் கீழே நிற்கும். படியேறும் காலடி கேட்கும். என் நெஞ்சு இன்னமும் அடித்துக்கொள்கிறது. அது நிற்கும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை. கதவு திறந்ததும் முன்புபோல் அருகில் போவதில்லை. நின்ற இடத்திலேயே கையை நீட்டுகிறேன். அவர் சாவியை வைக்கிறார். சில நாள் வெயிலில் சூடாக இருக்கும், சில நாள் மழையில் நனைந்திருக்கும். விரல்களை மூடிக்கொள்கிறேன்.